அருவி இரைச்சலில் கேட்டது

மில்லக்காவுக்குக் காது மந்தமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டாள் என்று சொல்வதுதான் சரி.

தெருவில் எல்லோருக்கும் அவள் மில்லக்கா. இருபத்தெட்டு வருஷமாக நூல் மில்லில் வேலை. கூடம் முழுக்க, நூல் சுற்றும் இரும்புக் கதிர்கள் ஆயிரக்கணக்கில் சுழலும் இடம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் மண்டைக்குள் தேன்கூடு கலைந்த மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய் அழுவார்கள். இரண்டாம் மாசம் சத்தம் இருப்பதே மறந்துபோகும். அங்கே யாரும் யாரையும் கத்திக் கூப்பிடுவதில்லை. கத்தினால் தொண்டைதான் போகும். உதட்டால் பேசிக்கொள்வார்கள். சத்தமே இல்லாமல், வாயை நன்றாகத் திறந்து மூடி, சொல் சொல்லாக. எட்டு மிஷின் தள்ளி நிற்பவளிடம் "உன் கொழுந்தனார் வேலை என்ன ஆச்சு?" என்று கேட்டு, அவள் சொல்லும் முழுக்கதையையும் வாங்கிக்கொண்டு, அதற்குள் அறுந்த நாலு இழையையும் ஒட்டிவிடுவாள் மில்லக்கா. மேஸ்திரி வந்தால் மேலுதட்டில் இரண்டு விரல். அவருக்கு அப்படி ஒரு மீசை.

அதனால் காது போனது மில்லில் ஒரு குறையாகவே தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீசில் காதுப் பரிசோதனை என்று வைத்தார்கள். கேட்காதவர்களைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். கிடங்கில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. கூட வேலை பார்த்த ஒருத்தி அங்கே போனதோடு அவளுக்கு 'டமாரம்' என்று பெயரும் விழுந்துவிட்டது. மில்லக்கா, பரிசோதிக்க வந்தவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவர் தோள் லேசாக அசைவதைக் கண்டுபிடித்து, தோள் அசைந்தால் கை தூக்கி, முழு மார்க் வாங்கிவிட்டாள்.

வீட்டிலும் சமாளிக்க முடிந்தது. புருஷன் வீடுகளுக்கு வெள்ளையும் வர்ணமும் அடிக்கிற பெயிண்டர். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷன், வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்தால் படுக்கிறவரைக்கும் மூடமாட்டார். அவர் பேச்சு ரேடியோ மாதிரி. திருப்பிப் பேசினால்தான் அவருக்குக் கோபம் வரும். லிப்ட் மெக்கானிக்கான மகனின் உதடு, பால் குடித்த நாளிலிருந்து பார்த்த உதடு. அவன் பாதி சொல்லும்போதே மீதி தெரிந்துவிடும்.

கஷ்டமெல்லாம் மருமகள் வந்த பிறகுதான். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை அவளுக்கு. ஊசி குத்துவதற்கு முன்னால் "சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சொல்லிக் குரலே அப்படி மெத்தென்று ஆகியிருந்தது. போதாததற்கு ஒரு தெத்துப்பல். அதை மறைக்கக் கையை வாய்மேல் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். குரலும் விழாது, உதடும் தெரியாது. தங்கமான பெண் என்பது மட்டும் மில்லக்காவுக்குத் தெரியும். அவள் பேசும்போது என்ன சொல்கிறாள் என்றுதான் தெரியாது.

எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பதில் வைத்திருந்தாள். "சரிம்மா." "ம்." "ஆகட்டும்." "ரொம்ப நல்லதும்மா." இந்த நாலை மாற்றி மாற்றிப் போட்டே ஒன்பது மாசம் ஓடிவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்று தோன்றினால், கையில் ஏதாவது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றுகொள்வாள். மூன்று வாரத்துக்கு முன் இந்த நாலில் ஒன்று போகக்கூடாத இடத்தில் போய் விழுந்தது. அது அவளுக்குத் தெரியாது. மகன் கொஞ்ச நாளாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதைக் கவனித்தாள். வேலையில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் மிஷின் பழுது பார்ப்பதற்காக மில்லை மூன்று நாள் மூடினார்கள். அருவிக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய சிவன் கோயிலுக்கு ஒருநாள் எல்லோருமாகப் போய்வரலாம் என்று மகன் சொன்னான். அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு. அருவிக்கு வருகிற கூட்டமெல்லாம் கீழே குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். மேலே இருநூறு படி ஏறி, ஓடையில் இறங்கிக் கடந்து போனால்தான் கோயில்.

பெயிண்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அந்தப் படிக்கட்டுக் கம்பி இருக்கு பாரு, அதுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சது யாரு? நான்தான். பதினோரு வருஷம் ஆச்சு. சாரல்ல எந்தப் பெயிண்டும் நிக்காதுன்னாங்க. நான் ரெண்டு கோட்டு பிரைமர் குடுத்து, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம்தான் கலரே தொட்டேன். போய்ப் பாப்போம், நிக்குதா இல்லையான்னு."

காலையிலேயே சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மலையடிவாரத்தில் இறங்கியதும் காற்றே மாறிவிட்டது. மழை விட்ட மறுநாள். மரமெல்லாம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. படி ஏற ஏறப் பெயிண்டர் ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி இடத்தில் துரு பிடித்துப் பொருக்கு எழும்பியிருந்தது.

"இங்க எவனோ இடையில வந்து மட்டமான சரக்கு அடிச்சிருக்கான். இது என் வேலை இல்ல," என்றார். இன்னும் பத்துப் படி போய், பச்சை மங்காமல் இருந்த ஒரு கம்பியைப் பிடித்து நின்றார். "இது என் வேலை."

காலையிலிருந்து சிரிக்காத மகன் அப்போது சிரித்துவிட்டான்.

"எல்லாக் கம்பியும் ஒண்ணா அடிச்சதுதானப்பா?"

"உனக்கு என்னடா தெரியும், பொத்தானை அழுத்தினா மேல போற வேலை பாக்கறவன் நீ."

ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. மருமகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் திரும்பி மாமியாருக்குக் கை நீட்டினாள். ஏதோ சொன்னாள். மில்லக்கா "சரிம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். குளிரில் இருவர் கைகளும் விறைத்திருந்தன.

அக்கரையில் பாறை ஒரு கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியைக் குடைந்துதான் கோயில். முன்னால் நாலு தூண். இரண்டுக்கு மட்டும் பட்டை தீட்டி, பூ வேலை செய்து முடித்திருந்தான் அந்தக் காலத்துச் சிற்பி. மற்ற இரண்டும் உளி போட்ட தழும்போடு அப்படியே நின்றன. என்ன வந்ததோ, யார் கூப்பிட்டார்களோ, பாதியில் இறங்கிப் போய்விட்டான். நந்திக்குச் சாரல் பட்டுப் பட்டு மூக்கும் காதும் மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. சுவரில் எழுத்துகள் இருந்தன. விரல் வைத்தால் தெரியும்; கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருட்டில் முழங்கால் உயரத்தில் லிங்கம், மேலே ஒரே ஒரு விளக்கு. கோயிலின் இடது பக்கம், கையை நீட்டினால் நனையும் தூரத்தில், அருவி மொத்தமாக விழுந்துகொண்டிருந்தது.

அந்த இரைச்சல் மில்லக்காவின் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. உள்ளங்காலிலும் வந்தது. மில்லுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது அவளுக்கு. தோள் தானாக இறங்கிக்கொண்டது. மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். மகன் அப்பாவின் காதோடு வாயை வைத்துக் கத்தினான். பெயிண்டர் "என்ன? என்ன?" என்று கேட்டுக் கடைசியில் கையை விரித்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, கீழே கம்பியைப் பார்க்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

பூசாரிக்கு அறுபது வயசு இருக்கும். தினமும் காலையில் ஊரிலிருந்து சைக்கிளில் வந்து படியேறுகிறவர். அருவிக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்ததால் அவரும் பேச்சைக் குறைத்துக் கையாலேயே எல்லாம் கேட்டார். எத்தனை பேர், அர்ச்சனையா, விளக்கா. அவர் கை பேசி முடிப்பதற்குள் மில்லக்கா பதில் சொன்னாள். அவர் உள்ளே போய் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். லிங்கத்துக்குப் பக்கத்தில் வாசலைப் பார்க்க நின்ற அவர் முகத்தில் நேராக விளக்கு வெளிச்சம். மில்லக்காவுக்கு மந்திரம் புரியாது. ஆனாலும் பழக்கதோஷம், கண் உதட்டுக்குத்தான் போனது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஊற்றினார் பூசாரி. மந்திரத்துக்கு நடுவில் அவர் உதடு தெளிவாகச் சொன்னது: "இடுப்பு விட்டுப்போச்சு ஈஸ்வரா. இனிமே நீயே கீழ இறங்கி வந்துடு."

மறுபடியும் மந்திரம்.

மில்லக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். விபூதி கொடுக்க அவர் வெளியே வந்தபோது, பையைத் துழாவி, மில்லில் முதுகுக்குப் போட்டுக்கொள்கிற தைலப் புட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். பூசாரி புட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி லிங்கத்தைப் பார்த்தார். புட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துறுதுறுவென்று வந்தது மில்லக்காவுக்கு. திரும்பினாள். மகனும் மருமகளும் முப்பதடி தள்ளி, தண்ணீர் தேங்கும் குட்டைக்கு அந்தப் பக்கம், பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள். இரைச்சலில் கேட்கவேண்டும் என்பதற்காக மருமகள் கையை எடுத்துவிட்டு, வாயை நன்றாகத் திறந்து கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்பது மாசத்தில் முதல் தடவையாக அந்த உதட்டை மில்லக்கா முழுசாகப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் சாவி தர்றோம்னு சொல்லிட்டாங்க," என்றது உதடு. "மாமாவுக்கு இன்னும் தெரியல போல. அத்தை அவர்கிட்ட சொல்லவே இல்ல."

மகன் முகம் பக்கவாட்டில். "நீ சரியா சொன்னியா?" என்பது மட்டும் தெரிந்தது.

"எத்தனை தடவை கேப்பீங்க? சமையல்கட்டுலதான் சொன்னேன். நாங்க தனியா வீடு பாத்திருக்கோம் அத்தை, மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு. ரொம்ப நல்லதும்மான்னாங்க. சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க."

"அம்மா அப்படி சொல்ற ஆள் இல்ல."

"சொன்னாங்களே. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்வாங்கன்னுதான் சொல்லிப் பாத்தேன். சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன். ஒன்பது மாசமா நான் அவங்க முதுகுகிட்டதாங்க பேசறேன். லேப்ல எவ்வளவோ சிடுமூஞ்சிங்களைப் பாக்கறேன், அவங்க கூட ஏன் குத்தறேன்னு கேப்பாங்க. இவங்க எதுவும் கேக்க மாட்டேங்கறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல."

மில்லக்கா நந்திமேல் கையை ஊன்றிக்கொண்டாள். கல் சில்லென்று இருந்தது.

அந்த நாள் ஞாபகம் வந்தது. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் சமையல்கட்டு வாசலில் நின்று, கையை வாய்மேல் வைத்து, ஏதோ நீளமாகச் சொன்னாள். கண் பளபளவென்று இருந்தது. சம்பளம் கூட்டியிருப்பார்கள் போல என்று மில்லக்கா நினைத்தாள். நினைத்து, மனசாரச் சிரித்துத்தான் சொன்னாள்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஓடியது. விஷயம்தான் தெரிந்துவிட்டதே, வீட்டுக்குப் போய், இப்போதுதான் யோசித்தேன் போகவேண்டாம் என்று சொன்னால் முடிந்துபோகும். காது விஷயம் வெளியே வரவேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு மறுபடியும் அதே சமையல்கட்டு. அதே கை. அதே நாலு பதில்.

குட்டையைச் சுற்றிக்கொண்டு போனாள். பாசி வழுக்கியது. போய் மகன் தோளைத் தட்டி, அப்பா தனியாக இருக்கிறார், போ என்று கை காட்டினாள். அவன் எழுந்து போனதும் அவன் இடத்தில், மருமகளுக்கு எதிரே, முகத்துக்கு முகம் உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்மேல் கையை வைத்தாள். மில்லக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் காது கேக்காது," என்றாள். சத்தம் கொடுக்கவில்லை. மில்லில் பேசுகிற மாதிரி.

மருமகளுக்குப் புரியவில்லை. மில்லக்கா தன் வாயைத் தொட்டுக் காட்டி, காதைத் தொட்டுக் காட்டி, மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை மருமகள் தலையாட்டினாள்.

"இங்க யாருக்கும் கேக்காது அத்தை."

"இங்க இல்ல. வீட்டுல. ஆறு வருஷமா."

லேபுக்கு வருகிறவர்களைப் பார்க்கிற பார்வை ஒன்று மருமகள் முகத்தில் வந்தது. மாமியார் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி இரண்டு காதையும் உற்றுப் பார்த்தாள், உள்ளே ஏதோ அடைத்திருக்கிற மாதிரி. ஒன்றும் அடைத்திருக்கவில்லை.

"அப்போ நான் அன்னைக்கு சொன்னது?"

"மிக்சி ஓடுச்சு. உனக்கு சம்பளம் கூடியிருக்குன்னு நெனச்சேன்."

"இப்போ எப்படித் தெரியும்?"

மில்லக்கா முதலில் கோயில் வாசலைக் காட்டினாள். பிறகு மருமகளின் உதட்டைத் தொட்டாள். முப்பதடி தூரத்தைக் கண்ணால் அளந்த அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. இங்கே உட்கார்ந்து என்னென்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்திருப்பாள். சிடுமூஞ்சி என்ற சொல்லுக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். மில்லக்கா அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். குனிந்தால் பேச முடியாதே.

"கல்யாணமான ரெண்டாவது வாரம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்," என்றாள் மருமகள். மாமியாரைப் பார்த்து அவளும் சொல் சொல்லாகப் பிரித்தாள். "உங்களை அத்தைன்னு கூப்பிடவா, அம்மான்னு கூப்பிடவான்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"ஆகட்டும்னீங்க."

மில்லக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மருமகளும் சிரித்தாள். தெத்துப்பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வழிய, அதைத் துடைக்கவும் தோன்றாமல் சிரித்தாள். சாரல் வேறு. எது எந்தத் தண்ணீர் என்று சொல்ல முடியாது.

சிரித்து ஓய்ந்ததும் மில்லக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தனியா போறது தப்புன்னு சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்துல நெனச்சவதான். போறதுன்னா போங்க. ஆனா நான் சிரிச்சு அனுப்பி வெச்சேன்னு நெனச்சிட்டுப் போகாதீங்க."

அவ்வளவு நீளமான பேச்சை மருமகள் முழுசாகப் பிடித்தாளா என்று தெரியவில்லை. ஆனால் பிடித்த கையை விடவில்லை.

ஓடையைத் தாண்டி, இரைச்சல் கொஞ்சம் எட்டிப்போன இடத்தில் சாப்பாட்டைப் பிரித்தார்கள். பெயிண்டருக்குப் பேச்சு திரும்பி வந்திருந்தது. சாரலில் ஊறிய சோறு ருசியாகத்தான் இருந்தது. அவர் வறுவலை எடுத்து வாயில் போடும்போது மில்லக்கா விஷயத்தைச் சொன்னாள். முதலில் காதை; பிறகு வீட்டை.

பெயிண்டர் வீட்டை அப்படியே விட்டுவிட்டார். காதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

"அப்போ நான் சொன்னதெல்லாம்?"

"உங்க உதடு எனக்குத் தெரியாதா? பாதி புரியும்."

"மீதி?"

"மீதி இந்த ஆறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டதுதான்."

மகன் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டான். இருமி இருமி அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அது இருமலால் மட்டும் இல்லை. அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டான்.

"சொன்னா மில்லுல கிடங்குக்கு அனுப்பிடுவாங்கடா. அங்க பேச ஆள் இல்ல."

"மில்லுக்கு யாரு சொல்லப் போறா?" என்றாள் மருமகள். கையை வாய்க்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, இறக்கிக்கொண்டாள். "எங்க லேப் மாடியிலேயே காது டாக்டர் இருக்காரு. அடுத்த வாரம் போறோம்."

"மில்லை விட்டப்புறம் பாத்துக்கலாம். ரெண்டே வருஷம்."

"அடுத்த வாரம்," என்றாள் மருமகள். அந்த மெத்தென்ற குரலுக்குள் இப்படி ஒரு கண்டிப்பு இருந்தது பெயிண்டருக்கே புதுசு. லேபுக்கு வருகிறவர்கள் எப்படி ஊசிக்குக் கையை இழுக்காமல் நீட்டுகிறார்கள் என்பது மில்லக்காவுக்கும் அப்போதுதான் விளங்கியது.

"ஆகட்டும்," என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மில்லக்காவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. மருமகளுக்கு முன்பக்கத்துக் குறுக்கு சீட்டில், முகம் இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி ஓர் இடம். நடுவில் அப்பாவும் மகனும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். மகன் நின்றபடியே தூங்கி வழிந்தான். பெயிண்டர் பக்கத்தில் நின்றவரிடம் பிரைமரைப் பற்றி ஆரம்பித்திருந்தார்.

இரண்டு தோள்களுக்கு நடுவில் இருந்த சந்தில் மருமகள் தலையைச் சாய்த்து மாமியார் பார்வையைப் பிடித்தாள். பிடித்ததும், சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக உதட்டைப் பிரித்தாள்.

"அந்த வீட்டுல சமையல்கட்டுக்கு ஜன்னலே இல்ல."

மில்லக்கா முன்னால் சாய்ந்து, அதே மாதிரி உதட்டைப் பிரித்தாள்.

"அப்புறம் எப்படி இருப்பீங்க அங்க?"

"அதான். சாவி வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"நான் சொன்னதுக்காக வேண்டாம்."

"ஜன்னல் இல்லங்கறேன்ல."

மில்லக்கா தூங்கி வழிகிற மகனைக் கண்ணால் காட்டினாள். "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

மருமகள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். பஸ் திரும்பிய திருப்பத்தில் அவன் தலை கம்பியில் இடித்தது. அப்போதும் அவன் விழிக்கவில்லை.

"நாளைக்கு சொல்லிக்கலாம்," என்றது அவள் உதடு.

இருவரும் சிரித்தார்கள். பெயிண்டர் பேச்சை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், நடுவில் ஒன்றுமில்லாத காற்றையும் பார்த்தார்.

"என்ன ரெண்டு பேரும் வாயை வாயை அசைக்கறீங்க? என்ன விஷயம்?"

ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.